நைனாவின் தூக்குநூல்

பொத்தேரியில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டில், சமையலறை ஆணியில் ஒரு பித்தளைக் குண்டு தொங்குகிறது. பழைய எடைக்கல்லா என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டு அது. என் அப்பாவுடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அணுபுரத்துக் குடியிருப்புகளில் பாதிச் சுவர் தன் கைபட்டது என்று நைனா பீற்றிக்கொள்வார். கால்வாசியாவது உண்மையாக இருக்கும். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. வேதாகமம் வாசித்துக் காட்டுவது அம்மாவின் வேலை. அவள் இறந்தபின் அது எனக்கு வந்தது. பதினோரு வயதில் ஒருநாள், ஆடு மேய்த்த தீர்க்கதரிசி ஒருவர் கண்ட தரிசனத்தை வாசித்தேன். ஆண்டவர் ஒரு மதிலின்மேல் நிற்கிறார், கையில் தூக்குநூல். எனக்குத் தெரிந்த தூக்கு ஒன்றுதான். "ஆண்டவரு யார நைனா தூக்குல போடப் போறாரு?" என்று பயந்துபோய்க் கேட்டேன். நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாக்குப்பையிலிருந்து குண்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "அய்ய, இதாம்மா அது. ஜனங்க நேரா கீறாங்களா, கோணலா கீறாங்களான்னு பாக்கறாரு. கோணலா கீறது வுழுந்துடும், அவ்ளோதான்." ஆண்டவரும் நம்ம தொழில்தான் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

அந்தப் பெருமை ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரம் எங்கள் ஊர். எல்லோருக்கும் ஒரே கோயில், ஒரே கல்லறைத் தோட்டம். ஆனால் நாங்கள் காலனி, மற்றவர்கள் ஊர். ஞானஸ்நானத் தண்ணீரில் பாவம் போகும், அது போகாது. அம்மாவைக் கடைசி வரிசையில், மற்றவர்களோடு ஒன்றாகத்தான் புதைத்திருந்தோம். கல்லறைகள் முடிந்த இடத்திலிருந்து சவுக்குத் தோப்புவரை வெறும் மணல். ஆடு வருகிறது, மணல் ஏறுகிறது, அங்கே ஒரு மதில் வேண்டும் என்றார் சபைப் பெரியவர். நைனா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். சுவர் முழங்கால் உயரம் வந்தபோது, கதவுக்கு எங்கே வழி விடுவது என்று அவரிடம் கேட்டிருக்கிறார்.

"கதவு எதுக்கு? உங்க ஆளுங்கள இனிமே அந்தாண்ட வெச்சிக்குங்க."

"அப்போ எம் பொஞ்சாதி?"

"அது பழசு, கெடக்கட்டும். இனிமே வர்றதுக்குத்தான் சொல்றேன்."

அன்று நைனா சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போனார். சுவரை முடித்தார். ஏன் முடித்தாய் என்று வளர்ந்தபின் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். "நான் வுட்டா வேற எவனாச்சும் கட்டுவான். கோணலா கட்டுவான். உங்கம்மா மேல வுழும்" என்றார். அதை நம்புகிறேன். அந்தப் பெரியவரைப் பகைத்தால் ஊரில் வேலை கிடைக்காது என்று பயந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

அதன்பின் ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அந்தச் சுவரில் குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். தொழில் திமிர் என்று ஊர் சிரித்தது. ஒரு நூலளவாவது சாய்ந்திருக்காதா என்றுதான் அவர் பார்த்தார். அது விழுந்தால்தானே அவர் அம்மா பக்கத்தில் படுக்க முடியும்? அந்தத் தூக்குநூல் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வார். "சுவரு நேரா கீது. அதுல நாயம் இல்ல. அப்போ ஆண்டவரு எந்தக் குண்ட வெச்சிப் பாப்பாரு?" என்று ஒருமுறை எங்கள் கோயில் ஆயரிடமே கேட்டார். காலம் வரும் என்றார் அவர்.

சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலனியில் எங்கள் வீடு உட்பட முதல் வரிசை முழுவதும் போயிற்று. சவுக்குத் தோப்பில் பாதி போயிற்று. மூன்றாம் நாள் நைனா குண்டை எடுத்துக்கொண்டு நடந்தார், நானும் பின்னால் போனேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேறு. நூலை விட்டுப் பார்த்தார். மயிரிழைகூடப் பிசகவில்லை. "கடலே வந்து மோதிகீது, வுழல பாரு" என்று குண்டைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அதற்குப் பிறகு என்னை வாசிக்கச் சொல்லவே இல்லை.

இரண்டு வருஷத்தில் போய்விட்டார். அம்மாவின் பக்கத்தில் இடம் கேட்டு அந்தப் பெரியவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "ஒருத்தருக்கு வுட்டா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார். திட்டக்கூட இல்லை, கனிவாகத்தான் சொன்னார். சுவருக்கு இந்தப் பக்கம் நைனா, அந்தப் பக்கம் அம்மா. இருவருக்கும் நடுவே அவர் கட்டிய ஒன்பது அங்குலம்.

இந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்குக் குண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சுவருக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். உயர்த்துகிறார்களாம். மேலே நின்ற கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "யாரு கட்னதுக்கா இது? இன்னா நேரா கீது! இன்னும் நாலு வரி கல்லு ஏத்தினாலும் தாங்கும்."

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

குண்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டினேன். இப்படியும் அப்படியும் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு நேராக நின்றுவிட்டது.