வெயிலில் விழுந்த என் மகனுக்கு அய்யா தந்த தண்ணீர்

எனக்கு வயசு எண்பத்திரண்டு. நான் வளர்த்து ஆளாக்கினது எட்டுப் பேரு. ஏழு என் வயிற்றில் பிறந்தது, ஒண்ணு செத்துப்போன என் நாத்தனாரோட பிள்ளை. ஒருத்தரும் சோடை போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் போனது கொஞ்ச காலம்தான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் இதை இன்னொருத்தர் கையால் எழுத வைக்க எனக்கு மனசில்லை. நாங்க சாமியாக் கும்பிடுற அய்யா எனக்குச் செய்ததை நான்தான் எழுதணும்.

அய்யா வழி நடக்கிற என் மக்களே, இது நம்ம ஊர் தமிழ்நாட்டோடு சேர்றதுக்கு நாலு வருசம் முந்தின சித்திரை மாசம் நடந்தது. என் மூத்த மகன் தங்கராசுக்கு அப்போ பதினஞ்சு வயசு. இரணியலுக்குத் தெற்கே எங்க வீடு. எங்க வீட்டுக்காரர் பனையேறி. மகன் பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடினான். அவன் காலில் பந்து வந்தா கரையில் நிக்கிற ஆம்பிளைகள் எழும்பி நிப்பாங்க. எனக்கு அதில் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

பள்ளிக்கூடம் அடைச்சதும் ஊர்ப் பயல்களுக்குப் பயிற்சி தொடங்கியது. லீவு முடியும்போது கடற்கரைக்காரங்களோடு பந்தயம். சொல்லிக்கொடுத்தவன் செல்லையா. பட்டாளத்தில் இருந்து வந்தவன், அதனால் பட்டாளத்தான்னு கூப்பிடுவோம். நல்லவன். ஆனா அவன் பயிற்சி சும்மா இல்லை. விடியும்போதே மண்டைக்காட்டுக் கடற்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போவான். கால் புதையற மணலில் ஓடணும். ஈர மணலைச் சாக்கில் கட்டித் தோளில் வச்சுக்கிட்டு ஓடணும். ஒத்தைக் காலில் துள்ளணும். முடியற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. தண்ணி குடிச்சா மூச்சு இளைக்கும், கால் கனக்கும்னு பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தாங்களாம். அவனும் குடிக்க மாட்டான். எவனாவது திருட்டுத்தனமாக் குடிச்சுட்டா அவனை நடுவில் நிறுத்தி, "ஏலே தவளை"ன்னு எல்லாரும் கூப்பிடணும். அந்தப் பேரு வீடு வரைக்கும் கூடவே வரும்.

எங்க வீட்டிலோ அது பதனீர் காலம். நாங்க அக்கானின்னு சொல்லுவோம். பானை பானையா இறங்கும். நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மோந்து நீட்டுவேன். மகன் முகத்தைத் திருப்பிக்கிடுவான்.

"வேண்டாம்மா. வாயில மணக்கும். தவளைம்பாவ."

பந்தயம் நெருங்க நெருங்கப் பயிற்சி கூடிக்கிட்டே போச்சு. உச்சி வெயிலிலும் ஓட விட்டான். அன்றைக்கு நான் கருப்பட்டி காய்ச்சிக்கிட்டு இருந்தேன். பயல்கள் எல்லாரும் சேர்ந்து எதையோ தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஏதோ பந்தயத்தில் ஜெயிச்சு ஒருத்தனைத் தோளில் தூக்கிட்டு வாறாங்கன்னு நினைச்சேன். கிட்டே வந்த பிறகுதான் தலை தொங்கினதைப் பார்த்தேன்.

தொட்டேன். அடுப்பில் கொதிக்கிற கருப்பட்டி வட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒரு துளி வேர்வை இல்லை. கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. "பந்தைத் தா, பந்தைத் தா"ன்னு பிதற்றினான்.

என் மாமியார் வந்து பார்த்தாங்க. ஜன்னி என்றாங்க. உச்சி நேரத்தில் கடற்கரையில் எதையோ கண்டு பயந்திருக்கான்னு அடுத்த வீட்டுக்காரி சொன்னா. வைத்தியர் வந்து கை பிடிச்சுப் பார்த்தார். காற்றுப் படக் கூடாது, தண்ணி படக் கூடாதுன்னு சொல்லிட்டு மருந்து அரைக்கப் போனார். கதவைச் சாத்தினாங்க. கம்பளியைப் போட்டு மூடினாங்க. நம்ம பக்கத்தில் காய்ச்சல்னா அப்படித்தான் செய்வோம். நானும்தான் என் பிள்ளைகளுக்கு அப்படிச் செய்திருக்கேன். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகலாம்னா ஊரில் இருந்த வண்டி சந்தைக்குப் போயிருந்தது. எப்போ திரும்பும்னு தெரியாது.

கம்பளிக்குள் அவன் கால் வெட்டி வெட்டி இழுத்தது. பிதற்றல் நின்னுபோச்சு. அது நின்னதுதான் எனக்குப் பெரிய பயம். அவன் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அய்யா, இந்த வீட்டில் யாருக்கும் ஒண்ணும் தெரியல்லை, எனக்கும் தெரியல்லை, நீர்தான் சொல்லணும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சத்தமாக ஒண்ணும் கேட்கவில்லை. வெளிச்சம் ஒண்ணும் வரவில்லை. உள்ளதைத்தான் சொல்லணும். ஆனா மனசுக்குள் ஒண்ணு வந்து நின்னது. நம்ம முன்னோருக்குச் சாதியைச் சொல்லி யாரும் கிணற்றைத் திறந்து விடாத காலத்தில் அய்யா கொடுத்த மருந்து என்ன? தண்ணியும் மண்ணும்தானே. நான் ஏன் என் பிள்ளையைத் தண்ணிக்குப் பயந்து பூட்டி வச்சிருக்கேன்?

கம்பளியை உருவினேன். அய்யாவைக் கும்பிடுற நம்ம தாங்கல் கிணற்றுக்குக் கொண்டுபோகப் போறேன் என்றேன்.

"ஏட்டி, பிள்ளையக் கொல்லப் போறியா?" மாமியார் என் கையைப் பிடிச்சாங்க.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகையாக் கட்டினார். நம்ம ஆம்பிளைகள் தலைப்பாகை கட்டினா அய்யாவைக் கும்பிடப் போறாங்கன்னுதானே அர்த்தம். மகனைத் தோளில் தூக்கிக்கிட்டார்.

முற்றத்தில் செல்லையா நின்னான். மண் ஒட்டின முகத்தோடு அப்படியே நின்னான். ஜன்னிக்குத் தண்ணி ஊத்தினா உயிர் நிக்காது, பட்டாளத்தில் நான் பார்த்திருக்கேன், வேண்டாம்னு கும்பிட்டான்.

"நீ குடுக்காத தண்ணியத்தான் அய்யா குடுக்கப் போறாரு. வழிய விடு செல்லையா" என்றேன்.

விட்டான்.

தாங்கல் கிணற்றடியில் மகனைக் கிடத்தினோம். திருமண் எடுத்து அவன் நெற்றியில் இட்டேன். இறைச்சேன், ஊற்றினேன். அய்யா சிவசிவ அரகரான்னு சொல்லிச் சொல்லி ஊற்றினேன். ஒண்ணும் இல்லை. கல்லில் ஊற்றின மாதிரி ஓடிப்போச்சு. கயிறு கையை அறுத்தது. தாங்கலில் பணிவிடை செய்யறவர் வந்து கயிற்றை வாங்கினார். வழியில் போன பெண்கள் குடத்தை இறக்கி வச்சிட்டு வந்து சேர்ந்தாங்க. மாமியார் மாரில் அடிச்சுக்கிட்டு அழுதாங்க. நான் தப்புப் பண்ணிட்டேனோ, என் கையாலே கொன்னுட்டேனோன்னு அந்த நேரம் என் நெஞ்சு பட்ட பாட்டை எழுத எனக்கு எழுத்து போதாது. ஆனாலும் நிறுத்தவில்லை.

வெயில் சாயும்போது அவன் உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். கொதிப்பு இல்லை. உதட்டில் வடிஞ்ச தண்ணியை நாக்கு தேடி நக்கியது. கண் என்னைப் பார்த்தது.

"அம்மா, இப்ப குடிக்கலாமா?"

என்னிடம் உத்தரவு கேட்கிறான். தண்ணியில் கிடந்துக்கிட்டு, தண்ணி குடிக்க உத்தரவு கேட்கிறான். மதிலுக்கு வெளியே நின்ன செல்லையா அதைக் கேட்டு அங்கேயே குத்த வச்சு உட்கார்ந்தான். என் கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். அப்போதான் எனக்கு அழுகை வந்தது.

அவன் எழும்பி நடக்க நாளாச்சு. அந்தப் பந்தயத்தில் விளையாடவில்லை. அதுக்குப் பிறகும் வெயில் கண்டால் அவனுக்குத் தலை கிறங்கும். பழைய ஓட்டம் திரும்பி வரவே இல்லை. அதை நான் மறைக்கவில்லை. நான் கேட்டது உயிர். அய்யா உயிரைத் தந்தார். அவன் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்திருக்கான்.

செல்லையா மறுபடியும் பயிற்சியைத் தொடங்கினான், வெயில் ஏறுமுன்னே முடிக்கிற மாதிரி. பயல்கள் நடுவில் ஒரு பானையைக் கொண்டு வச்சான். எவனும் கிட்டே போகவில்லையாம். அவனே முதலில் மோந்து குடிச்சுட்டு, "ஏலே, நானும் தவளைதான். வந்து குடிங்கலே" என்றானாம். அவன் நம்ம வழிக்கு வரவில்லை, தாங்கலுக்குள் கால் வைக்கவும் இல்லை. ஆனா அந்தப் பானைக்குத் தண்ணி நம்ம தாங்கல் கிணற்றில் இருந்துதான் பயல்களை விட்டு எடுத்துக்கிட்டுப் போவான்.

அன்றையில் இருந்து சித்திரை பிறந்தால் என் வீட்டு வாசலில் தண்ணிப்பானை இருக்கும். யாரு என்னன்னு கேட்க மாட்டேன். மக்களே, உங்க வீட்டிலும் ஒண்ணும் தெரியாமல் நிக்கிற நேரம் வரும். அப்போ தெரியல்லைன்னு அய்யாகிட்டே சொல்லுங்க. சொல்ல வெட்கப்படாதீங்க. நான் பெருமைக்காரி, நானே சொன்னேன்.

பேத்தி சுபா வாசலில் வந்து நிக்கிறா. சுபா, இங்கே வா மக்கா. நான் எழுதினது சரியா இருக்கான்னு முதலில் இருந்து சத்தமா வாசி, நான் கேட்கிறேன். வெயிலில் வந்திருக்கே. முதல்ல தண்ணி குடிச்சுக்கோ.