நாக்கைப் பிடிக்கச் சொன்னவன்

பசுவின் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கெடார் கிராமத்திலிருந்து விழுப்புரம் மாட்டாஸ்பத்திரிக்கு வந்த ஆளும் அதைத்தான் சொன்னார். "ரெண்டு நாளா தண்ணி உள்ள எறங்கல டாக்டரே. எச்சி ஒழுவிக்கினே இருக்குது. மாங்கொட்டை எதுனா மாட்டிக்கிச்சி போல."

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மாட்டு டாக்டராகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. பஸ் பிடித்துப் போனேன். பசுவின் சொந்தக்காரர் நிலபுலன் உள்ளவர். கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே பசுவைத் தடவிக்கொண்டு நின்றது அவரிடம் கூலிக்கு இருந்த பெண். என் வயதுதான் இருக்கும். ஊருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள், இரண்டு பிள்ளைகள்.

"நீ நாக்கப் புடிச்சி ஒரு பக்கமா இழும்மா" என்றேன். இழுத்துப் பிடித்தாள். முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைவாய்ப் பல் புறங்கையில் கீறியது. கையை எடுத்ததும் பசு ஒருமுறை கத்தியது. கரகரத்து, பாதியில் உடைந்துபோன குரல். அப்படி ஒரு மாடு கத்தி நான் கேட்டதில்லை.

மறுநாள் பசு செத்துவிட்டது என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தானாகவே சொன்னாள். "போன மாசம் கொல்லையில ஒரு நாயி வந்து இதும் மூஞ்சில கடிச்சிச்சி சாமி."

"ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

பசுவின் தலையை அறுத்து, தகர டப்பாவில் ஐஸும் மரத்தூளும் போட்டுப் பரிசோதனைக்காகச் சென்னைக்கு ரயிலில் அனுப்பினேன். பிறகு ஆபீஸில் உட்கார்ந்து பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்தேன். நான் தேடியது மூன்றாவது கட்டில் இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த சர்க்குலர். வெறிநோய் கண்ட மாடு முட்டத்தான் பாயும் என்றில்லை. தொண்டை அடைத்ததுபோல எச்சில் வடித்துக்கொண்டு சும்மாவும் நிற்கும். நாய் கடித்ததா என்று விசாரிக்காமல் வாயில் கை விடக்கூடாது. புதிதாக ஆராய்ந்து கண்டவை என்று எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. அடியில், படித்தேன் என்பதற்கு அடையாளமாக என் கையெழுத்து. வந்த அன்று படிக்காமலே போட்டது.

சென்னையிலிருந்து பதில் வருவதற்குள்ளேயே பெரியாஸ்பத்திரியில், பசுவின் எச்சில் கையில் பட்ட எங்கள் இருவருக்கும் ஊசி தொடங்கிவிட்டார்கள். தொப்புளைச் சுற்றி, பதினாலு நாள், ஒரு நாளும் விடாமல். எனக்கு அவளைவிடக் கொஞ்சம் அதிகம் தெரிந்திருந்தது. அதுவே வினையாகப் போனது. அந்த ஊசியே எப்போதாவது ஒருவருக்குக் கைகாலை இழுத்துவிடும் என்று படித்திருந்தேன். ஐந்தாம் நாள் உட்கார்ந்த இடத்தில் இடது கால் மரத்துப்போனது. எழுந்து பார்க்கத் தைரியம் வராமல் அரைமணி நேரம் அப்படியே இருந்தேன். வெறும் மரப்புதான்.

அந்த வாரத்திலேயே திண்டிவனத்தில், என் மாமனார் வீட்டில், எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தந்தி வந்தது. பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். நான் போகவில்லை. என் எச்சில், என் கை, என் மூச்சு எல்லாமே எனக்குப் பயமாக இருந்தது. வேலை அதிகம் என்று கார்டு எழுதிப் போட்டேன். சென்னையிலிருந்து பதிலும் வந்தது. வெறிநோய்தான்.

ஏழாம் நாள் அவள் ஊசிக்கு வரவில்லை. மத்தியானம் வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டுக் கெடாருக்குப் போனேன். வெயிலில், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரப்பில் நின்ற நிலத்துக்காரரைப் பார்த்தாள்.

"தெனம் ஒரு ஆளு போயிட்டா எப்படி டாக்டரே? மல்லாட்ட மொளச்சிப் பூடும். நல்லாத்தான இருக்கா" என்றார் அவர்.

"நோவு வந்தப்புறம் காப்பாத்த மருந்தில்லீங்க."

"அறுவட ஆவட்டும்."

வேறு வழி தெரியவில்லை. "அப்ப அந்த மாட்டத் தொட்டவங்க, பால் கறந்தவங்க, உங்க வீட்டு ஆளுங்க எல்லாத்துக்கும் பதினாலு ஊசி போடணும்னு எழுதிடறேன்" என்றேன். அதில் பாதி பொய். அவர் தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அவளிடம், "போய்ட்டு ஜல்தி வா" என்றார்.

கடைசி ஊசி போட்ட அன்று ஆஸ்பத்திரி மரத்தடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். "இது இன்னா நோவுன்னு முன்னாடியே தெரிஞ்சிக்கிற வழி ஒண்ணும் இல்லியா சாமி?"

"இல்லம்மா" என்றேன்.

அதற்குப் பிறகும் நோய் தலைகாட்டலாம் என்று பயந்திருந்த மூன்று மாதம். விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பார்ப்பேன். இறங்கினால் அன்றைய பொழுது எனக்கு. குழந்தையைப் பார்க்கப் போனது அந்த மூன்று மாதமும் முடிந்தபிறகுதான். நடந்ததைச் சொன்னதும் மனைவி அழவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இன்னா ஓடியா பூடுவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கே மாற்றல் வந்தது. போவதற்கு முன் கெடாருக்கு ஒருமுறை போனேன். அவள் குடிசை வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம் வந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டது, அவள் கேட்டபோது இல்லை என்று சொன்னது.

முறத்தைக் கீழே வைத்தாள். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"தெரிஞ்சிருந்தா எங்கையி தப்பிச்சிருக்கும்" என்றாள். பிறகு, "ஆனா நீங்க இல்லாட்டியும் நெலத்துக்காரரு எங்களத்தான் புடிக்கச் சொல்லியிருப்பாரு. எனுக்கு ஊசியும் இருந்திருக்காது."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குடிசைக்குப் பின்னால் ஒரு ஆடு இரண்டு நாளாக இரை எடுக்காமல் படுத்திருப்பதாகவும், வந்ததே வந்தீர்கள், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னாள். கூடவே போனேன்.