அறுபது நிமிடப் பச்சை

வெர்னா மன்ஸி பத்தொன்பது வருடம் எங்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலறையில் உட்கார்ந்தவள். மேற்கு வர்ஜீனியாவின் மலையடியில், ஒரே ஜன்னல் வைத்த அறை. சுவரில் ஓர் ஆணிப் பலகை. உள்ளே போகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டுவான். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வான். இன்னொருவன் வில்லையை யாரும் தொடமாட்டார்கள். மேசையில் ஒரு திரை, அதில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிகளைக் கொண்டுவந்தவை சுரங்கக் கூரையில் வரிசையாகத் தொங்கிய சின்ன ரேடியோக்கள். ஒவ்வொருவன் இடுப்பிலும் உள்ள சிறு கருவியின் அடையாளத்தைப் பக்கத்து ரேடியோ கேட்கும். மலைக்குள் அலை தூரம் போகாது. அதனால் கடைசி ரேடியோ தான் கேட்டதைப் பக்கத்து ரேடியோவுக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு, இப்படியே வாசல்வரை. பேட்டரியை மிச்சம்பிடிக்க அவை பெரும்பாலும் தூங்கும். குறித்த நொடியில் எல்லாம் ஒன்றாக விழித்து, பேசி, கேட்டு, மறுபடி தூங்கும். சரியான நேரமும் வாசலிலிருந்து கைமாறிக் கைமாறித்தான் உள்ளே போகும். நடுவில் ஒன்று செத்தால் அதற்கப்பால் நேரம் போகாது. அங்கே கடிகாரங்கள் மெல்ல நழுவும். பேசினாலும் கேட்க ஆளிருக்காது.

ஒருவன் புள்ளி கடைசியாகக் கேட்ட இடத்தில் பச்சையாக நிற்கும்; இரண்டு நிமிடம் அவனைப் பற்றிச் சேதி வராவிட்டால் மஞ்சளாகும். மஞ்சள் என்றால் அந்தப் பகுதியில் வேலையை நிறுத்த வேண்டும். நவம்பரில் பேட்டரிகள் பழசாகி, தினமும் மஞ்சள் வந்தது. மேலாளர் டாக்கெட் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு மூணாவது தடவ. என்ன விளையாடுறியா?"

"பேட்டரி மாத்தணும் சார். ரெண்டு தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

"ஆள நிறுத்திப் பேட்டரி மாத்தினா கரிய யாரு வெட்டுவா, உங்கப்பனா? அந்த ரெண்ட அறுபதாக்கு."

ஆக்கினாள். மூன்று தட்டல்தான். அதன்பின் மஞ்சளே வரவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

பிப்ரவரியில் ஒரு காலை, கூரைக்குப் போல்ட் அடிக்கும் லானி கேண்ட்ரெல் தன் நாற்பத்தேழாம் எண் வில்லையை மாட்டினான்.

"வெர்னாக்கா, என் புள்ளி பச்சையா இருக்கா? வீட்ல என் பொண்டாட்டி செவப்பா இருக்கா."

"நீ என்ன பண்ணித் தொலைச்சே?"

"வாயத் தொறந்தேன். வேறென்ன பண்ணுவேன்?"

பத்து மணிக்குக் கூரை சரிந்தது. திரையில் லானி முப்பத்தொன்றாம் குறுக்குப் பாதையில், பச்சையாக. வெர்னா அந்த எண்ணைத்தான் சொன்னாள். மீட்புக்குழு அங்கே நாற்பது நிமிடம் தோண்டியது. அவன் கிடந்தது முப்பத்துநான்கில். முப்பத்திரண்டாம் பாதையின் ரேடியோ ஒன்பதரைக்கே செத்திருந்தது. பாறைக்கடியில் அவன் அரைமணி நேரம் உயிரோடிருந்தான் என்றார் டாக்டர்.

"கர்த்தர் குறித்த நேரம்" என்றார் பாதிரியார், அடக்கத்தில். கர்த்தர் அந்த அறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. நேரத்தைக் குறித்தவர் டாக்கெட். அவரும் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

கம்பெனியின் அறிக்கை தயாராக வந்தது: ரேடியோக்கள் நன்றாக வேலை செய்தன, லானி சொல்லாமல் இடம் மாறினான். கீழே வெர்னாவின் பெயர், கையெழுத்துக்குக் கோடு.

"எண்ண மாத்தினது உன் விரலு," என்றார் டாக்கெட். "போடலன்னா மொதல்ல மாட்டுறது நீதான்."

அவளுக்குப் பயமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பேனாவை மூடி அவரிடமே கொடுத்தாள். மறுநாள் அரசு ஆய்வாளர் முன் உட்கார்ந்தாள்.

"நவம்பர் ஆறாம் தேதி நான்தான் மாத்தினேன். டாக்கெட் சொன்னாரு."

"மஞ்சள் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

ஆய்வாளர் அறுபதை மறுபடி இரண்டாக்கச் சொன்னார். வெர்னா வாசலறைக்குத் திரும்பி, மூன்று தட்டல் தட்டினாள். இறைச்சித் துண்டு வைத்த ரொட்டியைப் பிரித்து மென்றாள்; ருசி தெரியவில்லை. பலகையில் நாற்பத்தேழு தொங்கிக்கொண்டிருந்தது.

ரொட்டி தீருமுன் ஆறு புள்ளிகள் மஞ்சளாயின. ஒலிவாங்கியை எடுத்தாள்.

"நாலாவது பகுதி, வேலைய நிறுத்துங்க. எல்லாரும் வெளிய வாங்க."

டாக்கெட் கதவில் நின்றார். அவள் திரும்பவில்லை. ஒவ்வொருவனாக வந்து தன் வில்லையை எடுப்பதை ஆறுவரை எண்ணினாள்.