லிஃப்டில் மாட்டிக்கொண்ட அரசாங்கம்

அந்தக் கட்டடத்தில் தரைத்தளம் சட்டசபை, நடுத்தளம் அமைச்சர்கள், மேல்தளம் நீதிமன்றம். சபைக்குத் தனிக் கட்டடம் எழும்பும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஒண்டவைத்தார்கள். அது எழும்பவே இல்லை. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு கம்பிக்கதவு லிஃப்ட். அதை ஓட்டியவர் தினக்கூலி. சேர்ந்த நாள் முதல் தினக்கூலியாகவே கிடந்ததால் மாமனார் அவருக்கு வைத்த பெயர் 'டெம்பரவரி'. "டெம்பரவரி வந்தாச்சா?" என்று கேட்காமல் மனிதர் தட்டில் கைவைக்கமாட்டார்.

அவரை நிரந்தரமாக்கும் காரியம் மூன்று தளங்களிலும் ஏறி இறங்கியது. தொழிலாளர் துறை அமைச்சர், தினக்கூலிகள் எல்லாரும் இனி நிரந்தரம் என்று உத்தரவு போட்டார். யாரோ வழக்குப் போட, மேல்தளத்து நீதிபதி அம்மாள், சபை சட்டம் இயற்றாமல் வெறும் உத்தரவால் அது செல்லாது என்று ரத்து செய்தார். ஆகவே மசோதா தரைத்தளத்துக்கு வந்தது. அன்றைக்கு ஓட்டெடுப்பு. ஆளுங்கட்சிக்குக் கூடுதலாக இருந்தது ஒரே ஓட்டு. சரிசமமானால் முடிவு சபாநாயகர் கையில்; அவரோ அப்படி வந்தால் "பழையபடியே இருக்கட்டும்" என்று கைகழுவுகிறவர்.

டெம்பரவரி ஒரு விஷயத்தில் கறார். நீதிபதி ஏறினால் வேறு யாரையும் ஏற்றமாட்டார். அமைச்சரும் நீதிபதியும் ஒன்றாக இறங்கினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அன்று ஓட்டெடுப்பு மணி அடித்த பதற்றத்தில் அந்தக் கறார் காற்றில் பறந்துவிட்டது. நீதிபதி அம்மாளோடு கீழே வரும்போது நடுத்தளத்தில் அமைச்சர் கதவைப் பிடித்து உலுக்க, திறந்துவிட்டார். அமைச்சர் பின்னாலேயே ஒட்டடைக்குச்சி போன்ற எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் நுழைந்துவிட்டார்.

"உங்க மசோதா இன்னிக்கு மண்ணைக் கவ்வப்போகுது."

"கவ்வ வைக்கிற மூஞ்சியைப் பாரு!" என்று அமைச்சர் கையை வீச, முழங்கை சிவப்புப் பொத்தானில் இடித்தது. லிஃப்ட் தரைத்தளத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டு நின்றது. இனி மொட்டைமாடி இயந்திர அறையிலிருந்துதான் அதை அசைக்கமுடியும்.

மேலிருந்து இன்ஜினியரின் தலை எட்டிப் பார்த்தது. "யாரு உள்ள?"

"அமைச்சர்யா! சீக்கிரம் இறக்கு!"

"நீங்க தொழிலாளர் துறைங்க ஐயா. லிஃப்ட் பொதுப்பணித்துறை. எங்க துறையிலேர்ந்து எழுத்துல உத்தரவு வரணும்."

"நான்தான் வாயால சொல்றேனே!"

"குரல் வருதுங்க ஐயா. கையெழுத்துதான் வரலை."

கம்பிக்கதவைத் திறந்தால் காலடியில், படுத்து நழுவும் அளவுக்கு ஒரு சந்து. உறுப்பினர் நழுவிவிடுவார், அமைச்சரின் தொப்பை நழுவாது. இருவருமே உள்ளே கிடந்தால் அந்த ஒரு ஓட்டில் மசோதா பிழைக்கும். உறுப்பினர் மட்டும் போய்ச் சேர்ந்தால் சரிசமம், மசோதா காலி. சாவி இருந்தது டெம்பரவரியின் சட்டைப்பையில்.

"திறந்துடாதே. உன் வேலைதான் போகும்," என்றார் அமைச்சர்.

"சபைக்குப் போறவனைத் தடுத்தா உரிமை மீறல்! சபையில கொண்டுபோய் நிறுத்திடுவேன்," என்றார் உறுப்பினர்.

டெம்பரவரி நீதிபதி அம்மாளைப் பார்த்தார். அவர் மற்ற இருவரும் ஏறியதிலிருந்தே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் இங்க இல்லப்பா."

"இருக்கீங்களேம்மா!"

"சபை விவகாரத்துல நான் தலையிடக் கூடாது. வழக்கா வந்தா கேக்கறேன்."

ஏறின ஆளை அடைத்துவைக்க மூன்று தளத்தில் எதுவும் டெம்பரவரிக்கு அதிகாரம் கொடுத்ததில்லை. சாவியைப் போட்டுத் திறந்தார்.

"பாத்து இறங்குங்க ஐயா. சாகறவரைக்கும் என் மாமனாருக்கு நான் டெம்பரவரிதான். அவ்வளவுதானே, பரவாயில்ல."

உட்காரப்போன உறுப்பினர் நிமிர்ந்தார். "உன்னையும் அப்படித்தான் கூப்பிடறாங்களா? என் மச்சினன் தினக்கூலி டிரைவர்ப்பா. நான் எதிர்த்து ஓட்டுப் போடப்போறேன்னு தெரிஞ்சதிலேர்ந்து அவன் அக்கா எனக்குச் சோறே போடலை."

"அப்போ எதிர்த்துப் போடாதீங்களேன்!" என்றார் டெம்பரவரி.

"எப்படி? எங்க கொறடா உத்தரவு. மீறினா பதவி போயிடும்."

அந்தக் கட்சிக் கொறடாவே கீழே நின்று கத்தினார். "இறங்கி வாய்யா! மணி நிக்கப்போகுது, கதவைச் சாத்திடுவாங்க!"

உறுப்பினர் படுத்தார். சந்துக்குள் காலை விட்டார். இடுப்புவரை போனவர் மூச்சை இழுத்து, இல்லாத வயிற்றை முடிந்தமட்டும் ஊதிக்கொண்டார்.

"ஐயோ, சிக்கிக்கிச்சு!"

"எதுய்யா சிக்குச்சு?" என்றார் கொறடா.

"இடுப்பு!"

"உனக்கு ஏதுய்யா இடுப்பு?"

கொறடா காலைப் பிடித்து இழுத்தார். ஒரு செருப்புதான் கையோடு வந்தது. மணி நின்றது. சபையின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சுவரைப் பார்த்து நின்ற நீதிபதி அம்மாளின் தோள்கள் மட்டும் குலுங்கின.

ஒரு ஓட்டில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கட்சி வழக்குத் தொடுத்தது. அது அதே அம்மாளிடம் போக, "இதை நான் கேட்க இயலாது" என்று ஒதுங்கிக்கொண்டார். வேறொரு நீதிபதி, சட்டம் செல்லும் என்றார். டெம்பரவரி நிரந்தரமானார்.

அதற்குள் பொதுப்பணித்துறையும் ஒருவழியாக எழுத்தில் உத்தரவு போட்டது: பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டு, ஆளே தேவைப்படாத புதியது மாட்ட வேண்டும். நிரந்தர ஊழியரை என்ன செய்வது? அதன் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள்.

செய்தி வீட்டுக்கு வந்ததும் மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாப்பிள்ளை பெர்மனென்ட்! லிஃப்ட்தான் பாவம், டெம்பரவரியாப் போச்சு!"

இத்தனை நாள் அவர் வாயிலிருந்து வராத அந்த முதல் சொல்லுக்கு அப்புறம் பேசியது எதுவும் மாப்பிள்ளையின் காதில் ஏறவில்லை.