தூத்துக்குடியில் இளகிய கை

எழுபதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதம், மாட்டு இறைச்சிக்காக நான் தூத்துக்குடி போனேன். தின்பதற்கு அல்ல. மெட்ராஸில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அறுத்த மாட்டின் தசையில் நடக்கும் மாற்றங்கள்தான் என் ஆய்வு. ராத்திரி முழுக்க ரயில், இறங்கினால் விடாத மழை. ஊர் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடற்கரைப் பக்கம் செபஸ்தியம்மாவின் வீட்டு முன்னறையில் தங்கினேன். சாப்பாட்டோடு நாளைக்கு ஐந்து ரூபாய். அவருடைய இளைய மகன் அந்தோணி தோணிகளில் சரக்கு ஏற்றுபவன். இறைச்சிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். முதல் நாள் அவன்தான் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். "மாட்டுக்கறியில பாக்கதுக்கு என்னண்ணே கெடக்கு?" என்று வழியெல்லாம் சிரித்தான்.

கிடக்கிறது. உயிர் போனபிறகும் தசை கொஞ்ச நேரம் வேலை செய்யும். சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்தைப் பிராணவாயு இல்லாமலே உடைத்து அமிலமாக்கும். அந்தச் சக்தியும் தீர்ந்ததும் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விறைக்கும். அப்புறம் தசையிலிருக்கும் நொதிகளே நார்களை அரிக்க, மறுபடி இளகும். ஐஸில் வைத்தால் தாமதமாகும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை இறைச்சிக்கூடத்தில் ஒரு துண்டை ஐஸிலும் ஒன்றை வெறும் தட்டிலும் வைத்துவிட்டு வந்தால், வீட்டு வாசலில் கூட்டம். அந்தோணி தோணிக்குள் தவறி விழுந்து இறந்திருந்தான். மெட்ராஸிலிருந்து அவன் அண்ணன் வரவேண்டும் என்று அடக்கத்தைத் தள்ளிவைத்தார்கள். சாயங்காலம் அவன் விரல்களில் செபமாலையைச் சுற்றப் பார்த்தார்கள், விரல் மடங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் தட்டிலிருந்த கறியை அழுத்திப் பார்த்தேன். இளகியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செபஸ்தியம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எம்மவன் கை இளகிட்டு! நேத்து கட்டையாட்டம் கெடந்துச்சு, இப்பம் பிடிச்சா மடங்குது. உயிர் இருக்கு தம்பி. இவுக பெட்டிய மூடணும்னு நிக்காவ. நீ டாக்டருக்குப் படிக்கவன், சொல்லு!"

அவன் விரலைத் தொட்டேன். செபமாலை இப்போது ஒழுங்காகச் சுற்றியிருந்தது.

"இல்லம்மா. உயிர் போன உடம்பு முதல்ல விறைக்கும், அப்புறம் தானா இளகும். எல்லா உடம்பும் அப்படித்தான்."

என் கையை உதறினார். "நீ மாட்டப் படிச்சவன். எம்மவனப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?"

பெட்டியை மூடும்வரை அந்த விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: கார்த்திகையில் குடை மட்டும் போதாது. திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், பஸ் உண்டு, நான் போகவில்லை. மாட்டுக்கறி வாங்கினால் விறைப்பு போனபிறகு சமையுங்கள், மிருதுவாக இருக்கும். இளகிவிட்டதா என்று விரலால் அழுத்தினாலே தெரியும்.

நான் அழுத்திப் பார்ப்பதில்லை.