கைவிலங்குக்குப் பொட்டு

கடையைத் திறந்ததும் என் முதல் வேலை, கம்ப்யூட்டரின் தேதியைப் பல வருடம் பின்னால் தள்ளுவது. அப்போதுதான் என் திருட்டு சாப்ட்வேர் திறக்கும். மதுரையில் ஒரு சந்துக்குள் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் வடிவமைத்துப் பிழைக்கிறேன். என்றைக்காவது அது திறக்க மறுத்தால் இத்தனை வருட வேலையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பயத்தில் பல நாள் சோறு இறங்காது.

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு, அதை யாரும் பூட்டி வைக்க முடியாது என்பதை ஒரு தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் வேலை பார்ப்பவன். விடுமுறை நாளெல்லாம் இதைப் பற்றிப் பேசவே அலைவான். என் வீட்டு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் நான் மட்டும் மாறி என்ன பயன்? என் டிசைனையெல்லாம் அச்சடிக்கும் பிரஸ் அண்ணனிடமும் அதே திருட்டு சாப்ட்வேர்தான்; அந்த ஃபைலைத்தான் வாங்குவார். அவர் மாறினால்தான் எனக்கு விடிவு.

நச்சரித்து நச்சரித்து அவரை இறங்கி வர வைத்தேன்.

"சரிம்மா. ஆயுத பூசைக்கு நம்ம சந்து டிசைன்காரவுக அம்புட்டுப் பேரும் பிரஸ்ஸுக்கு வருவாக. அந்தத் தம்பி ரெண்டு வார்த்த பேசட்டும். மறுநா விசயதசமி, நல்ல நாளு. என் கம்ப்யூட்டர்லயும் அதப் போட்ருவோம்."

பூஜையன்று மிஷினுக்கெல்லாம் மாலை. அண்ணன் தன் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். பொரிகடலைத் தட்டு சுற்றி வந்தது. தம்பி எழுந்தான்.

"நீங்க கும்பிடுறது தொழிலை இல்ல, உங்க கைவிலங்கை. ஒருத்தன்கிட்ட திருடி, அவனுக்கே அடிமையாவும் இருக்கீங்க. இதுல கைவிலங்குக்குப் பொட்டு வேற!"

நான் கண்ஜாடை காட்டினேன். அவன் பார்த்தால்தானே! சுதந்திரம், அறம் என்று பேசிக்கொண்டே போனான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டினார்கள். அண்ணன் சத்தம் போடவில்லை. தம்பியின் கையில் சுண்டலைக் கொடுத்து, "சாப்பிட்டுப் போங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இம்புட்டு நாளா நீயும் எங்கள இப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தியா?"

"இல்லண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை.

வாசலில் தம்பி சிரித்தான். "பாத்தீங்களாக்கா, அடிமைக்கு உண்மை கசக்குது."

"நீ பேசிட்டுப் போயிருவ. நாளைக்கு அவர் முன்னாடி போய் நிக்கப்போறது நான்தான்டா."

முகம் சுண்டிப்போய் வண்டியை எடுத்தான்.

மறுநாள் விஜயதசமி. அவசரமாக ஒரு சாவு போஸ்டர் வந்தது. அண்ணனுக்குப் போட்டுக் காட்டக் கொண்டுவந்திருந்த லேப்டாப் பைக்குள்ளேயே கிடந்தது. கம்ப்யூட்டரில் தேதியைப் பின்னால் தள்ளிவிட்டு, அண்ணனுக்கான ஃபைலைத் திறந்தேன்.