எதிர்க் கிண்ணத்தில் நின்றவர்

மதுரை ஆஸ்பத்திரியில் இறந்துபோன என் மனைவிக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கத் திருமங்கலத்திலிருந்து போயிருந்தேன். சாப்பாட்டு நேரம், மூன்று மணிக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வெயிலுக்கு ஒதுங்கத்தான் பக்கத்திலிருந்த அறிவியல் காட்சிக்கூடத்துக்குள் டிக்கெட் எடுத்து நுழைந்தேன்.

உள்ளே இரண்டு கோடியிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்புக் கிண்ணங்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. ஒன்றின் முன்னால் முணுமுணுத்தால் மற்றதில் நிற்பவர் காதில் தெளிவாக விழும். அங்கே வேலை பார்த்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் நீலக் கோட்டு, கழுத்தில் விசில். துணையில்லாமல் யார் வந்தாலும் எதிர்க் கிண்ணத்துக்கு அவரே போய் நின்றுகொள்வார்.

"நான் அங்கிட்டுப் போறேன். ஏதாச்சும் பேசுங்கண்ணே," என்றார்.

முப்பதடி நடந்துபோய் எனக்கு முதுகு காட்டி நின்றார். இந்த இடத்தில் எல்லோரும் "கேக்குதா" என்றுதான் சொல்வார்கள் போலும். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை. கிண்ணத்தின் பக்கம் குனிந்து, "சாப்டியா?" என்றேன்.

"இன்னும் இல்லண்ணே. மாத்தாளு வரணும்," என்று காதோரம் பதில் வந்தது.

"நேரத்துக்குச் சாப்புடு."

"சரிண்ணே."

முன்பின் தெரியாதவரை ஒருமையில் கேட்டிருக்கிறேன். அவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று இன்றும் தெரியவில்லை. விசிலை ஊதிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் இருபது நாளாக என்னைத்தான் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அவள் போனபின் நான் ஒருவரைக் கேட்டது அன்றுதான்.